மிதந்து போன சிமெண்ட் வாத்து

7

எமெட் டோசியர் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வாத்தைத் தூக்கிப் பார்த்தான். வாத்து அசையவில்லை. அவன் முதுகுக்குள்தான் ஏதோ ஒன்று கடக்கென்று இடம் மாறியது.

"எழுபத்தஞ்சு பவுண்டு பாஸ். ஒன்பது வயசுப் பிள்ளையத் தூக்குற மாதிரி இருக்கு. அதுவும் வர மாட்டேன்னு அழுவுற பிள்ளை."

"கக்கத்துல இடுக்கிக்கிட்டு மூணு தெரு ஓடு, பாப்போம்" என்றாள் ஹாரியட் லூமிஸ்.

"என் ஆயுள் இன்ஷூரன்ஸ்ல உங்க பேரப் போட்டிருக்கேனா என்ன?"

வில்லட்ஸ்பர்க் தோட்டச் சாமான் கடையின் பின்கட்டில் நாற்பது சிமெண்ட் வாத்துகள் வரிசையாக நின்றன. ஒஹையோ மாநிலத்தில் இந்த ஊரைப் போன்ற சின்ன ஊர்களில் வாசலில் வாத்து இல்லாத வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏப்ரலில் வாத்துக்கு மழைக்கோட்டு, ஜூலையில் சுதந்திர தினத்துக்குக் கொடித் துணியில் கவுன், டிசம்பரில் சிவப்புக் குல்லா என்று வீட்டுக்காரிகள் தைத்துப் போடுவார்கள். புருஷனின் சட்டைக்குப் பித்தான் தைக்க நேரமிருக்காது. வாத்துக்கு மட்டும் கால்சட்டை வரைக்கும் தயாராகிவிடும்.

லூமிஸ் இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எரிந்த களஞ்சியங்களை, தானாக எரிந்ததா எரித்ததா என்று மோப்பம் பிடித்தவள். இப்போது வேறு வேலை. சட்டப் பரீட்சையில் தேறியவர்கள் வக்கீலாக வேண்டுமானால் ஒழுக்கக் குழு ஒன்று 'யோக்கியம்' என்று எழுதித் தர வேண்டும். அந்தக் குழுவுக்காக அவர்களின் பூர்வோத்தரத்தைத் துருவுகிறவள் அவள். குழுவின் விண்ணப்பம் நாற்பது பக்கம். பதினெட்டு வயதிலிருந்து குடியிருந்த வீடு, பார்த்த வேலை, வாங்கிய அபராதச் சீட்டு எல்லாவற்றையும் கேட்கும். சொர்க்க வாசலில்கூட இத்தனை கேள்வி கேட்பார்களா என்பது சந்தேகம்.

எமெட்டும் சட்டம் படித்தவன்தான். அதே குழு அவனை இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தது. முதல் தடவை, பதினோரு நாள் பீட்சா கடையில் வேலை பார்த்ததை எழுத மறந்துவிட்டான். மறு வருடம் நேர்காணலில், வாழ்க்கையில் எதற்காவது வருத்தப்பட்டதுண்டா என்று கேட்டார்கள். பீட்சா கடை ஞாபகம் வந்ததற்காக வருத்தப்படுகிறேன் என்றான். இப்போது சத்தியப் பத்திரத்துக்குக் குத்தும் நோட்டரி முத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லூமிஸுக்கு உதவியாளனாக அலைகிறான்.

இன்றைய தலைவலிக்குக் காரணம் ஒரே ஒரு வாத்து. மூன்று பேர், மூன்று மாவட்டங்களிலிருந்து, மூன்று குழுக்களுக்கு ஒரே பாவத்தை எழுதிக் கொடுத்திருந்தார்கள். பத்தொன்பது வயதில் வில்லட்ஸ்பர்க் ஊரில் ஆர்டித் கிளிங்கர் என்ற அம்மாளின் வாசலிலிருந்து வாத்தைத் திருடினேன், ஆற்றுப் பாலத்திலிருந்து தூக்கிப் போட்டேன், அன்றிலிருந்து மனசு உறுத்துகிறது. தலைநகரத்தில் ஒரு குமாஸ்தா மூன்று கோப்புகளையும் ஒரே பெட்டியில் அடுக்கப்போய் விஷயம் வெளியே வந்தது. ஒரு வாத்தை மூன்று பேர் தனித்தனியாகத் திருட முடியாது.

மூலம் எது என்று கண்டுபிடிக்க லூமிஸுக்கு அரை நாள்கூட ஆகவில்லை. கொலம்பஸ் நகரத்தில் ஒழுக்க நேர்காணலுக்கு டியூஷன் எடுக்கும் ஆசாமி ஒருவன் இருந்தான். கோப்பு ரொம்பச் சுத்தமாக இருந்தால் குழுவுக்குச் சந்தேகம் வரும், சின்னப் பாவம் ஒன்றும் பெரிய மனந்திரும்பல் ஒன்றும் காட்டு என்பது அவன் போதனை. யாரோ ஒருவர் உண்மையாக எழுதிக் கொடுத்த வாத்துப் பாவத்தை அவன் மாதிரிப் பாடமாக வைத்து மற்றவர்களுக்கும் விநியோகித்துவிட்டான். ஷெரிஃப் அலுவலகத்தில் அந்தத் திருட்டுக்கு யாரும் படிக்கக்கூடிய புகார் இருந்ததால் குழு சரிபார்த்தாலும் பொய் மாட்டாது. யார் கொடுத்தது என்று கேட்டால் மட்டும் அவனுக்கு ஞாபகசக்தி போய்விட்டது.

பிரெஸ்டன், கேம்டன் என்ற இரண்டு பையன்களின் வாக்குமூலம் புகாரோடு கச்சிதமாகப் பொருந்தியது. புகாரில் 'சிமெண்ட் வாத்து, எழுபத்தைந்து பவுண்டு' என்று ஆர்டித் கையெழுத்துப் போட்டிருந்தாள். பிரெஸ்டன் தள்ளுவண்டி கொண்டுபோனான், ஒரு வாரம் முதுகு வலித்ததாம். கேம்டன் பலகை போட்டு லாரியில் ஏற்றினான், ஆற்றில் தொபுக்கென்று விழுந்து ஒரே முழுக்காய் முழுகிவிட்டதாம். மூன்றாவது ஆள் ஜோலின் டிபெட்ஸ். அவள் மட்டும் வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்று தெரு ஓடியதாக எழுதியிருந்தாள். பாலத்திலிருந்து போட்டதும் அது மிதந்தபடியே வளைவு திரும்பிப் போய்விட்டதாம். ராமர் காலத்துக்குப் பிறகு கல் மிதந்தது ஒஹையோவில்தான் போலிருக்கிறது.

குழுத் தலைவர் ஸ்டௌட் முடிவே பண்ணிவிட்டார். பையன்கள் இருவரில் எவன் திருடன் என்பதை மெதுவாகப் பார்க்கலாம், அந்தப் பெண் புளுகுகிறாள் என்பது இப்போதே தெரிகிறது என்றார். மறுப்புக் கடிதம் தட்டச்சாகி அவர் மேஜையில் இருந்தது. மாலை நாலு மணிக்குக் கையெழுத்து. ஒழுக்கக் குறைவு என்று ஒரு மாநிலத்தில் ஒதுக்கிவிட்டால், மற்ற நாற்பத்தொன்பது மாநிலத்து விண்ணப்பத்திலும் அதற்கென்று ஒரு கேள்வி காத்திருக்கும். சாகும்வரை அதற்குப் பதில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஜோலினை அவர்கள் மதியம் பார்த்தார்கள். அதே ஊர் சாப்பாட்டுக் கடையில் பரிமாறிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயது, தலைமுடியில் பென்சில் செருகியிருந்தாள். ஏழைகளுக்காக வாதாடும் அரசாங்க வக்கீல் அலுவலகத்தில் அவளுக்காக ஒரு நாற்காலி காலியாக இருந்தது. இருவர் முன்னாலும் உதிர்த்த கோழிக்கறி சாண்ட்விச்சை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

பத்தொன்பதாவது வயதில் ஒரு மே மாதம். கல்லூரியில் மார்க் போதவில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரே சர்ச்சில் இருந்த நேரம் அந்த வாசல் வழியாகப் போனாள். வாத்து பட்டமளிப்பு அங்கி போட்டு, தலையில் சதுரத் தொப்பி வைத்து, கையில்லாத குறைக்குச் சிறகோரம் ஒரு பட்டச் சுருளும் வைத்துக்கொண்டு நின்றது. தனக்குக் கிடைக்காத பட்டம் ஒரு வாத்துக்குக் கிடைத்துவிட்டதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரிப்பனப் பிச்சுட்டுத் தூக்கிட்டு ஓடினேன். அவ்வளவுதான்."

லூமிஸ் மெல்லுவதை நிறுத்தினாள். "எந்த ரிப்பன்?"

"அங்கியில தைச்சிருந்துச்சு. வாசல் தூணோட சேத்துக் கட்டியிருந்தாங்க."

எமெட் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அவன் கவலை வேறு. கக்கத்தில் இடுக்கி ஓடினேன் என்பதை மட்டும் மாற்றிச் சொல்லக் கூடாதா என்று அவளிடம் கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் கண் சிரிக்கவில்லை.

"உங்க தலைவரும் அதத்தான் சொன்னாரு. 'கனமாத்தான் இருந்துச்சு, சின்ன வயசுல மிகைப்படுத்திட்டேன்'னு ஒரு வரி எழுதிக் குடுத்தா கண்டிச்சு விட்டுடுவாராம். யோக்கியம்னு சர்டிஃபிகேட் வாங்க நான் ஒரு பொய் சொல்லணுமாம். அது மிதந்துச்சுங்க. நான் என்ன பண்ண?"

லூமிஸ் நேராகத் தோட்டச் சாமான் கடைக்குப் போய் எமெட்டை வாத்தைத் தூக்கவைத்தது அங்கிருந்து வெளியே வந்த பிறகுதான். முதுகைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறிய எமெட், அந்தப் பெண் நல்லவள்தான், ஆனால் பௌதிகம் அவள் பக்கம் இல்லை என்றான். லூமிஸ் பதில் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினாள். அவள் பதில் சொல்லாவிட்டால் யாருக்கோ ஆபத்து என்று எமெட்டுக்குத் தெரியும்.

ஆர்டித் கிளிங்கருக்கு எழுபத்தேழு வயது. கழுத்தில் கண்ணாடி தொங்கியது. முகத்தில் தீர்ப்பு தொங்கியது. பதினோரு வருடமாக, உடுத்திய வாத்துகளுக்குப் பரிசு தரும் ஊர் வாத்து ஊர்வலத்துக்கு அவள்தான் நடுவர், வருகிற சனிக்கிழமையும் ஊர்வலம். வாசலில் இப்போது நின்ற வாத்து கறுப்பு அங்கியும் வெள்ளை விக்கும் அணிந்து நீதிபதியாக இருந்தது. காலில் சங்கிலி போட்டு, சங்கிலிக்குப் பூட்டும் போட்டிருந்தாள்.

"குற்றவாளிதான் சங்கிலி மாட்டி நிக்கும். இங்க நீதிபதியக் கட்டிப் போட்டிருக்கீங்க" என்றான் எமெட். அவள் அவனை வாசல் மிதியடியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

காணாமல் போன வாத்தைப் பற்றி லூமிஸ் ஒன்றுமே கேட்கவில்லை. வாத்தின் உடுப்புகளைப் பார்க்கலாமா என்றாள். ஆர்டித்தின் முகம் அடியோடு மாறியது. உள்ளே போய் ஒரு மரப்பெட்டியை இழுத்து வந்தாள். பழைய வாத்து உடுத்தியது அடியில், புது வாத்து உடுத்தியது மேலே. அடுத்த கால் மணி நேரம் லூமிஸ் நீட்டியதையெல்லாம் எமெட் அந்த நீதிபதிக்கு மாட்டி மாட்டிக் கழற்றினான். மழைக்கோட்டு, சமையற்காரி ஏப்ரன், மாலுமிச் சட்டை. முப்பத்தாறு வயதில் ஒரு வாத்துக்கு உள்பாவாடை கட்டிவிடும் நிலை வந்ததை நினைத்து அவன் தன் ஜாதகத்தை நொந்துகொண்டான்.

"எமெட், மேல இருக்குற உடுப்புக்கும் அடியில இருக்குறதுக்கும் என்ன வித்தியாசம்?"

"அடியில இருக்குறதுல பூச்சி மருந்து வாசனை பாஸ்."

"பின்பக்க ஓரத்தப் பாரு."

பார்த்தான். பழைய வாத்தின் உடுப்பு ஒவ்வொன்றிலும், பின்பக்கத்து ஓரத்தில், இரண்டிரண்டு நீள ரிப்பன்கள் தைத்திருந்தன. சாதாரணத் தையல் இல்லை, மூன்று சுற்று இழுத்துத் தைத்த தையல். புது வாத்தின் உடுப்பில் ஒன்றில்கூட இல்லை. இதெல்லாம் எதற்கு என்று லூமிஸ் கேட்டதற்கு, அழகுக்கு என்றாள் ஆர்டித்.

"அழகுன்னா முன்னாடி இருக்கும், மிஸஸ் கிளிங்கர். இது பின்னாடி, ஓரத்துக்கு உள்பக்கம் இருக்கு. தூணோட கட்டுறதுக்கு."

"திருட்டு பயம்."

"திருட்டுப் போனதுக்கு அப்புறம்தான ஜனங்க பயப்படும். நீங்க திருட்டுப் போறதுக்கு முன்னாடி ரிப்பன் கட்டியிருக்கீங்க. பின்னாடி கட்டல, சங்கிலி போட்டுட்டீங்க. ரிப்பன் திருடனுக்கு இல்ல. காத்துக்கு."

எமெட்டின் கையிலிருந்து மாலுமிச் சட்டை நழுவியது. எழுபத்தைந்து பவுண்டு வாத்தைப் பறக்கவிடும் காற்று அடித்தால் அந்த ஊரில் வீடே நின்றிருக்காது. பறக்கிற வாத்து என்றால் அது மிதக்கவும் செய்யும், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடவும் வரும்.

"பிளாஸ்டிக்" என்றான் மெதுவாக.

அந்த வார்த்தையைக் கேட்டதும் ஆர்டித் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தெருவில் யாராவது கேட்டிருப்பார்களோ என்று முதலில் எட்டிப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

மெல்ல மெல்லக் கதை வந்தது. அவள் முதலில் வாங்கிய சிமெண்ட் வாத்து ஊர்வலத்துக்கு இரண்டு நாள் முன்னால் கழுத்தோடு உடைந்துபோனது. அந்த ஒரு நாளைச் சமாளிக்கத்தான் பிளாஸ்டிக் வாத்து. சாயம் பூசிச் சொரசொரப்பாக்கினாள், யாரையும் தொடவிடவில்லை. முதல் பரிசு கிடைத்துவிட்டது. பரிசு வாங்கிய வாத்தை எப்படி மாற்றுவது? அடுத்த வருடமும் பரிசு, அதற்கடுத்த வருடமும். பிறகு நடுவராகவே ஆக்கிவிட்டார்கள். விதிப்புத்தகத்தில் முதல் விதி, சிமெண்ட் தவிர வேறு வாத்து கூடாது. திருட்டுப் போனபோது ஷெரிஃப் எடை கேட்டார். கடைப் பட்டியலில் பார்த்திருந்த எடையைச் சொன்னாள், அவர் எழுதினார், அவள் கையெழுத்துப் போட்டாள். வாசலில் நின்ற புது வாத்துதான் நிஜச் சிமெண்ட்.

லூமிஸ் அவளிடம் நாலு மணி விஷயத்தைச் சொன்னாள். பையன்கள் இருவரும் புகாரை வாசித்துவிட்டுப் பொய் எழுதியதால் புகாரோடு ஒத்துப்போகிறார்கள், அந்தப் பெண் உண்மையை எழுதியதால் ஒத்துப்போகவில்லை, ஏனென்றால் புகாரே பொய் என்று விளக்கினாள். மாற்றி ஒரு வாக்குமூலம் வேண்டும், அது பொதுப் பதிவில் போகும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றும் மறைக்காமல் சொன்னாள். ஆர்டித் முடியாது என்றாள். இந்த ஊரில் தனக்கு இருப்பதே அந்த வாத்துப் பேர்தான், அதுவும் போனால் சர்ச்சில் எந்த பெஞ்சில் உட்காருவேன் என்று கேட்டாள். அவள் கேட்டது எமெட்டுக்குச் சிரிப்பாக வரவில்லை. அவனையும் ஒரு காலத்தில் ஒரு காகிதம் பெஞ்சை விட்டு எழுப்பியிருக்கிறது.

"அந்தப் பொண்ணு ஒரே ஒரு வரி பொய் எழுதிக் குடுத்தா இன்னிக்கே வக்கீல் ஆயிடலாம்" என்றான். "எழுத மாட்டேன்னு சொல்லிட்டு, அங்க தட்டு கழுவிட்டு இருக்கா."

ஆர்டித் நீதிபதி வாத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எங்கே கையெழுத்து என்று கேட்டாள்.

எமெட் சத்தியம் வாங்கி, எழுதி, முத்திரை குத்தியபோது மணி மூன்று பத்து. லூமிஸ் தலைவருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள். ஸ்டௌட் முழுவதையும் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரே அம்மா ரெண்டு கையெழுத்து போட்டிருக்காங்க, லூமிஸ். ஒண்ணு பொய்யின்னு அவங்களே சொல்றாங்க. எது பொய்யின்னு நான் எப்படி நம்புறது? பாவம்னு அந்தப் பொண்ணுக்காக இப்ப சொல்றாங்களோ என்னவோ. இன்னொரு சாட்சி கொண்டு வாங்க, கடிதத்த என் கையாலயே கிழிச்சுடறேன். இல்லன்னா நாலு மணி."

போன் அணைந்தது. எமெட் வாயைத் திறந்தான், லூமிஸ் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். வேறு யாருக்காவது தெரியுமா என்று அவள் கேட்டதற்கு, யாருக்குமே தெரியாது, தெரியவிட்டதில்லை என்றாள் ஆர்டித். எழுபத்தேழு வயதுக்காரி வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை சொல்லியும், அது செல்லுபடியாகவில்லை.

பிறகு அவளே தயங்கித் தயங்கிச் சொன்னாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெருங்காற்று. அதுவரைக்கும் ரிப்பனெல்லாம் கிடையாது. காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் தொட்டி, நாற்காலி எல்லாம் உருண்டு கிடந்தன. வாத்து மட்டும் அதன் இடத்திலேயே நின்றது. ஆனால் அவள் எப்போதும் தெருவைப் பார்த்து வைப்பாள். அன்றைக்கு அது வீட்டைப் பார்த்து நின்றது. யாரோ எடுத்து வந்து வைத்திருக்கிறார்கள். யார் என்று அவள் கேட்கவில்லை, கேட்டால் எவ்வளவு கனம் என்ற பேச்சு வரும்.

"எதிர் வீட்டு ஃபெர்னா இருக்கலாம். அவ தோட்டம்தான் காத்து போற வழியில இருக்கு."

"வாங்க, கேட்டுடலாம்" என்றான் எமெட்.

ஆர்டித் எழுந்திருக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால், ஃபெர்ன் யோடர் முதல் தடவையாக ஊர்வலத்துக்கு ஒரு வாத்தோடு வந்தாள். அது பிளாஸ்டிக். நடுவர் ஆர்டித் ஊர் முன்னால் அந்த வாத்தை விரலால் தட்டிக் காட்டி, அவளை வரிசையிலிருந்து வெளியே அனுப்பினாள். அன்றைக்கு நின்ற பேச்சு.

"நீங்கதான் போகணும், மிஸஸ் கிளிங்கர்" என்றாள் லூமிஸ். "நாங்க கேட்டா அது விசாரணை. நீங்க கேட்டாதான் அவங்க வாயத் திறப்பாங்க."

மணி மூன்று முப்பத்தைந்து. ஷூ மாட்டாமல் வீட்டுச் செருப்போடு ஆர்டித் தெருவைக் கடந்தாள். எமெட் அடிகளை எண்ணினான், இருபத்திரண்டு. பத்து வருடமாக அவளால் நடக்க முடியாத தூரம் அவ்வளவுதான். அழைப்பு மணியை அழுத்தப் போன கை இரண்டு தடவை கீழே இறங்கியது. மூன்றாவது தடவை அழுத்தினாள்.

ஃபெர்ன் கதவைத் திறந்தாள். குட்டையான பெண்மணி, கையெல்லாம் மாவு. ஆர்டித்தைப் பார்த்தாள், பின்னால் நின்ற இருவரையும் பார்த்தாள், யார் செத்துப்போனார்கள் என்று கேட்டாள்.

"யாரும் சாகல, ஃபெர்ன். என் வாத்து பிளாஸ்டிக்கு. அந்தப் பழைய வாத்து. உன்ன வெளிய அனுப்பினப்பவும் அது பிளாஸ்டிக்தான்."

"தெரியுமே" என்றாள் ஃபெர்ன்.

"தெரியுமா?"

"காத்தடிச்ச அன்னிக்கு என் தக்காளிச் செடி மேல வந்து விழுந்துச்சு. நான்தான் கொண்டாந்து வச்சேன். ஒரு கையில வாத்து, ஒரு கையில காபி. ஒரு சொட்டு சிந்தல."

எமெட் அதற்குள் காகிதத்தை விரித்து வாசற்படியிலேயே எழுத உட்கார்ந்துவிட்டான். ஆர்டித்துக்குக் கண் கலங்கியது. அத்தனை பேர் முன்னால் தட்டிக் காட்டினேனே, அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள்.

"சொன்னா நீ என்னோட பேச மாட்டன்னு பயந்தேன்" என்றாள் ஃபெர்ன். "சொல்லாமயே பேசாம போயிட்ட."

ஆர்டித் ஒரு அடி முன்னால் வந்தாள். மாவுக் கை என்றும் பாராமல் ஃபெர்னின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லூமிஸ் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எரிந்த களஞ்சியங்களுக்கு நடுவில் இருபது வருடம் இருந்தும் அவளுக்கு இதெல்லாம் பழகவில்லை.

மூன்று நாற்பத்தெட்டு. எமெட் எழுதியதை வாசித்துக் காட்டினான். காற்று, தக்காளிச் செடி, ஒரு கையில் வாத்து, மறு கையில் காபி, ஒரு சொட்டும் சிந்தவில்லை. வலது கையை உயர்த்தச் சொல்லி, இதில் சொன்னதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்கிறீர்களா என்று கேட்டான்.

ஃபெர்ன் கையை உயர்த்தினாள். பிறகு பாதியில் இறக்கினாள்.

"இரு தம்பி. சத்தியம்னு சொன்னியே. படி ஏறும்போது ஒரு சொட்டு சிந்துச்சு. அதையும் எழுதிக்கோ."